சினிமாப் பாட்டு வேண்டாம், முழு ஆல்பமாகக் கேட்டதில் இன்னும் மனதை அரிக்கிற ஒன்றைச் சொல்லுங்கள்

மேலமாசிவீதி

நானே தொடங்குகிறேன். ‘ஹவ் டு நேம் இட்’. அறிமுகம் தேவைப்படாது: 1986, இளையராஜா, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை, வி.எஸ். நரசிம்மன் வயலின். பேச்சு அதைப் பற்றி இல்லை.

என் கோளாறு, நான் ‘வீடு’ படத்தை முதலில் பார்த்துவிட்டேன். பாலு மகேந்திரா அந்தப் படத்தின் பின்னணி இசையை இந்த ஆல்பத்தில் இருந்துதான் எடுத்துக்கொண்டார் என்பது அப்போது தெரியாது. விடுதியில் ஒரு சீனியர் கேசட்டைப் போட்டதும், “அண்ணே, இது வீடு படத்து மியூசிக்” என்றேன், பெரிதாக ஏதோ கண்டுபிடித்த மாதிரி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, இது படத்து மியூசிக் இல்லை. அதுதான் இதோட படம்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். என் காதுக்குத்தான் அது ஏறவில்லை. வயலின் எழும்பினால் சொக்கலிங்க பாகவதர் வந்துவிடுகிறார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வந்து நிற்பாரே, அந்தப் பெரியவர். போன வாரம் திருமங்கலம் பேருந்தில் ஹெட்போனில் போட்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர், எழுபது வயது இருக்கும், மடியில் ஹார்டுவேர் கடை பில். அதை விரிப்பார், கூட்டல் சரியா என்று விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வருவார், மடித்துச் சட்டைப் பையில் வைப்பார், இரண்டு நிறுத்தம் கழித்து மறுபடி எடுப்பார். என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படத்தைப் பார்க்காமல் ஆல்பத்தை மட்டும் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு அந்த இடத்தில் என்னதான் தெரிகிறது?

கம்பிவாத்தியம்

எனக்கு நோட்டுதான் தெரிகிறது. வயலின் வாத்தியார் வேலைக்கு வந்தால் வருகிற சாபம் அது.

இதே ஆல்பத்தில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ இருக்கிறதே, அதைப் பற்றி. பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவில் (பல உருப்படிகள் சேர்ந்த தொகுப்பு) முதலில் வருகிற பிரெலூட், அதாவது முன்னுரை உருப்படி, இ மேஜர் ஸ்தாயியில். ராஜா அதை ஓடவிட்டு அதன்மேல் தன் வரிகளை ஏற்றியிருப்பார். நான் மேற்கத்திய வயலின் கற்றுத்தருகிறவன். என்னிடம் ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறாள், கெட்டிக்காரி. அவளுக்கு இந்தப் பிரெலூடைக் கொடுத்தேன். மூச்சு விட இடமில்லாத உருப்படி, தொடங்கினால் ஒரே ஓட்டம். விரல் சீக்கிரமே பழகிவிட்டது. ஆனால் ஓர் இடம் வந்தால் மட்டும் வில்லைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவாள். தடுமாறி நிற்கவில்லை, தாளத்தோடுதான் நிற்கிறாள். காலில் எண்ணிக்கொண்டே இருக்கிறாள்.

“ஏம்மா?”

“இங்க இன்னொருத்தர் வருவாங்க சார்.”

அப்பாவின் காரில் பள்ளிக்கூடம் போக வர இந்த ஆல்பம்தானாம். மூலத்தை அவள் கேட்டதே இல்லை. வில்லைத் தூக்கியபடி கதவுப் பக்கம் பார்த்தாள், வர வேண்டியவர் ஏன் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி. அது ஒற்றை வயலினுக்கு எழுதியது, துணைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அடுத்த வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ இந்த இடத்துல அவர் தனியாவா இருந்தாரு?” என்றாள். அவர் என்றது பாக்கையா, ராஜாவையா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது_மணி

கம்பிவாத்தியம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதனால்தான் நான் அந்த ஆல்பத்தைக் கிட்டவே சேர்ப்பதில்லை. தனியாக நிற்கட்டும் என்று ஒருவன் எழுதியதன் மேல் இன்னொரு வயலினை ஏற்றுவது, கோயில் கல்தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிற வேலை. பாருங்கள், ஒரு குழந்தைக்கு மூலமே குறைப் பிரசவமாகத் தெரிகிறது. பாக்கைக் கேட்க வேண்டுமானால் பாக்கைக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன், மாமா வீட்டில், யெஹூதி மெனுஹின் வாசித்த இசைத்தட்டு. ஓர் இடத்தில் கீறல், ஊசி மாட்டிக்கொண்டு தவ்வும். மற்றபடி யாரும் குறுக்கே வரவில்லை.

கம்பிவாத்தியம்

பாக் அந்தத் தனி வயலின் உருப்படிகளைச் சுத்தப் பிரதியாக எழுதி முடித்தது 1720இல். 1731இல் லைப்சிக் நகரசபைப் பதவியேற்புக்கு 29ஆம் கான்டாட்டாவை (குரலும் இசைக்குழுவும் சேர்ந்த உருப்படி) எழுதும்போது அதே பிரெலூடை எடுத்தார். ஸ்ருதியை டி மேஜருக்கு இறக்கினார், வயலின் வாசித்ததை ஆர்கனுக்குக் கொடுத்தார், சுற்றிலும் ஓபோ, டிரம்பெட், டிம்பனி. தன் தூணுக்குத் தானே முதலில் பெயிண்ட் அடித்தவர் பாக்தான். மூலத்தைக் கேளுங்கள் என்கிறீர்கள். எந்த மூலத்தை?

இன்னொன்று, உங்கள் காதில் மெனுஹின் இன்றைக்கும் அந்தக் கீறலில் தவ்வுகிறாரா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது_மணி

தவ்வுகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நல்லூர்_தேர்முட்டி

நான் ராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ பற்றி எழுத வந்தனான். மேலே நடக்கிற சண்டைக்குள் என்னை இழுக்க வேண்டாம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணம். கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேப் றெக்கோடர் ஓட்டின கதை எங்கட ஆட்களுக்குப் புதிதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டைனமோ வயரை நேரே குடுத்தால் றெக்கோடர் போய்விடும், நடுவில் டயோட் வைக்க வேண்டும். அண்ணாதான் எல்லாம் பூட்டினவர். அவரே பெடலைக் கையால் சுத்துவார், நானும் அம்மாவும் கேட்போம். எங்களிடம் இருந்த நாலைந்து கசெட்டில் இதுவும் ஒன்று. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். அப்ப எனக்கு அவர் பெயரும் தெரியாது, ராஜா என்றால் சினிமாப் பாட்டு என்றுதான் தெரியும்.

‘மொசார்ட் ஐ லவ் யூ’ வரும்போது அண்ணாவுக்குக் கை சோர்ந்துவிடும். சில்லு மெதுவாகும், குழலும் அதோடு இறங்கும். கீழே, கீழே, ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரிப் போகும். அம்மா குசினிக்குள் இருந்து “சுத்தடா, சுத்தடா” என்று கத்துவா. அண்ணா மற்றக் கையை மாற்றுவார், குழல் திரும்ப மேலே ஏறி வரும். எனக்கு அந்த இறக்கமும் ஏற்றமும்தான் பாட்டு. அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ரொறன்ரோவுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு சப்வேயில் அதை முதன்முதல் ஒழுங்கான வேகத்தில் கேட்டேன். அந்த இடம் வந்தது. குழல் இறங்கும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். இறங்கவில்லை. நேரே போய் முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அன்றிரவு லண்டனில் இருக்கிற அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டேன். தனக்குச் சுத்தின ஞாபகம் இருக்கு, தோள்மூட்டு நொந்தது ஞாபகம் இருக்கு, பாட்டு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். “நீங்கள்தானே கேட்டனீங்கள். நான் எங்க கேட்டது?”

அதுதான் எனக்கு விடாமல் கிடக்கிறது.

பெல்ட்_மாத்து

நல்லூர் அக்கா, அருமை. என்னிடமும் ‘நத்திங் பட் விண்ட்’ கேசட் இருக்கிறது. டிடிகே டி60, அதாவது அறுபது நிமிஷக் கேசட், ரெக்கார்டிங் சென்டரில் காலிக் கேசட் கொடுத்துப் பதிந்தது. பி பக்கம் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததாம், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு ஐயப்பன் பாட்டைப் பாதி வரைக்கும் பதிந்துவிட்டார். சௌராசியா முடிந்த கையோடு சரணம் ஐயப்பா. அது கிடக்கட்டும்.

உங்கள் கேசட்டைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எப்படி என்று சொல்கிறேன். முதலில் டெக். பழைய டெக் எதுவானாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றாமல் எதையும் போடாதீர்கள். கேசட்டின் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பெல்ட் தளர்ந்தால் வேகம் குறைவதோடு நிற்காது, ஸ்வரம் ஆடும். குழல் மாதிரி நீள ஸ்வரம் பிடிக்கிற வாத்தியத்தில் அந்த ஆட்டம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஹெட், கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கிற சின்னத் தண்டு), ரப்பர் உருளை மூன்றையும் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பழுப்பாக வரும், பயப்பட வேண்டாம், அது பழைய டேப் உதிர்த்த தூள்.

பிறகு கேசட். உள்ளே டேப்புக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். அதுதான் டேப்பை ஹெட்டோடு அழுத்துவது. பழைய கேசட்டில் பசை காய்ந்து விழுந்திருக்கும், அது இல்லாவிட்டால் சத்தம் மங்கி மங்கி வரும். அப்படியானால் திருகைக் கழற்றி, டேப்போடு இரண்டு சக்கரத்தையும் எடுத்து நல்ல கூடு ஒன்றுக்குள் மாற்றிவிடுங்கள். திருகு இல்லாமல் ஒட்டின கூடு என்றால் கத்தியால் பிளக்க வேண்டும், அதைப் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள். ஓடவிடும் முன் ஒரு முறை கடைசிவரை முன்னால் ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், வருஷக்கணக்காக இறுகியிருந்தது இளகும்.

அசிமத் என்று ஒன்று இருக்கிறது, ஹெட்டின் சாய்வு, இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே சாய்வில் இருக்காது. மோனோவில் கேட்டுக்கொண்டே அந்தத் திருகை நூல் அளவு திருப்புங்கள், எந்த இடத்தில் மேல் ஸ்தாயி பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கிற வசதி) போட்டுப் பதியவில்லை என்றால் டால்பியை அணைத்துவிடுங்கள். எடுக்கும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும், வேவ் கோப்பாக. எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். கடைசியாக, இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் எதையாவது அழுத்தாதீர்கள். டேப்பின் இரைச்சலும் குழலில் வருகிற காற்றுச் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கும். அதைத் துடைத்தால் சௌராசியாவின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

டைனமோ இறக்கத்தைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கோப்பை எனக்கு அனுப்புங்கள், சிடி பதிப்போடு ஒப்பிட்டு ஒவ்வொரு இடமாக வேகத்தை நேராக்கித் தருகிறேன்.

நல்லூர்_தேர்முட்டி

தம்பி, மினக்கெட்டு எழுதினதுக்கு நன்றி. இறக்கம் ரேப்பில் பதியவில்லை. அது அண்ணாவின் கையில் இருந்தது. கசெட் 95 இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது.

பெல்ட்_மாத்து

சரி அக்கா. வேறு கேசட் இருந்தாலும் மேலே சொன்னது பொருந்தும்.

சிலாங்கூர்_சிறுசு

எனக்கும் கம்பிவாத்தியத்திடம் வயலின் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு வந்த நோய்தான். ‘வல்லவன்’ ஆல்பம், 2006, யோகி பி, டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ். மலேசியாவில் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த எந்தத் தமிழ்ப் பையனும் ‘மடை திறந்து’ ராப்பை மூச்சு விடாமல் சொல்லுவான். அது 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துப் பாட்டு என்று எங்களுக்கு யார் சொன்னது? அப்பா சொன்னார். காரில் போட்டேன், ராப் தொடங்கியதும் கையை நீட்டி அணைத்துவிட்டார். “எஸ்.பி.பி. பாட்டை என்ன பண்ணி வச்சிருக்கானுங்க?”

அப்புறம் ராவாங் டோல்கேட்டில் வரிசை. சில்லறை தேடிக்கொண்டே அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. நான் உற்றுக் கேட்டேன். எஸ்.பி.பி. பாடினது இல்லை, ராப்தான், அதுவும் சொல் பிசகாமல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ரேடியோவில் செய்தி போட்டுவிட்டார். இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. எப்போது, எங்கே முழுசாகக் கேட்டார் என்பதும் தெரியவில்லை.

அச்சப்பத்து

ராஜாவின் ‘திருவாசகம்’. 2005இல் வெளிவந்தபோதே வாங்கினேன், அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆறு பாட்டு, புடாபெஸ்ட் இசைக்குழு, நடுவில் ஆங்கிலம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

அப்பாவின் பதினாறாம் நாள். ஓதுவார் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் வந்து சேரவில்லை என்று காத்திருக்கும் நேரத்தில், பெங்களூரில் இருந்து வந்த சித்தப்பா மகன் புளூடூத் ஸ்பீக்கரில் ‘பொல்லா வினையேன்’ போட்டான். இருபது நிமிஷம் ஓடுகிற உருப்படி. ஓதுவார் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். “எந்த ஊர்க்காரங்க வாசிக்கிறது?” என்றார். ஹங்கேரி என்றேன். “அங்கயும் பெருமானுக்கு ஆள் இருக்கு” என்று சிரித்துக்கொண்டார்.

‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ வந்தது. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அத்தை, அப்பாவின் ஆபீஸ்காரர்கள், சமையல்காரரின் பையன்கூட வந்து ஸ்பீக்கரைச் சுற்றி நின்றார்கள். முடிகிறவரை யாரும் நகரவில்லை. முடிந்ததும் ஓதுவார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எங்களுக்கு இதை மோகனத்துல பாடம் தம்பி. எத்தனையோ வீட்டுல பாடியாச்சு. எழுந்து நின்னு யாரும் கேட்டதில்லை.”

வருத்தமாகச் சொன்னாரா, வியப்பாகச் சொன்னாரா என்று பிடிபடவில்லை. பிறகு அவர் முறை வந்தது. சிவபுராணம், அதே வரிகள், மோகனம், பக்கவாத்தியம் இல்லை. கணீரென்று தொடங்கினார். அதே நேரம் பின்கட்டில் இலை போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். ‘புல்லாகிப் பூடாய்’ பாடும்போது அவர் கண் ஒரு தடவை அந்த ஸ்பீக்கர் பக்கம் போய்விட்டு வந்தது.

ஆல்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது அடிக்கடி கேட்கிறேன், எழுந்து நின்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த வரி வந்தால் அவர் கண் போய்விட்டு வருகிறது.

மூன்றாவது_மணி

ஒரு சின்னத் திருத்தம். அதை எல்லோரும் சிம்பொனி, சிம்பொனி என்கிறார்கள். வடிவத்தின்படி பார்த்தால் அது சிம்பொனி இல்லை. தனிக் குரல், குழுக் குரல், இசைக்குழு, பக்திப் பாடம், இதெல்லாம் ஓரட்டோரியோவின் கூறுகள். ராஜாவின் சிம்பொனி என்றால் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த ‘வேலியன்ட்’டைத்தான் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேலமாசிவீதி

சார், அவர் அப்பாவின் பதினாறாம் நாளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மூன்றாவது_மணி

அதை மறுக்கவில்லையே. வருந்துகிறேன். ஓரட்டோரியோதான்.

வைகைக்கரை

நம்ம ஊர்ப் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள். ‘சக்தி’ குழு, அதே பெயரில் வந்த முதல் ஆல்பம். 1975இல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் கச்சேரியாக வாசித்ததை அப்படியே பதிந்தது. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லை, அதனால் இருக்கலாம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் நான் விடமாட்டேன்.

மானாமதுரையில் கடம் செய்கிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கடம் மற்ற ஊர்க் கடத்தைவிடக் கனம், சுவர் தடிமன், தட்டினால் உலோகம் மாதிரிக் கணீரென்று பேசும். சக்கரத்தில் வனைந்ததோடு முடிவதில்லை, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டித்தான் சுவரை இறுக்குவது. வேலை முக்கால்வாசி அதுதான். அவர் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன். போனில் அந்த ஆல்பத்தின் ‘ஜாய்’ போட்டேன். பதினெட்டு நிமிஷம், ஆரம்பத்திலேயே நாலு கால் பாய்ச்சல். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்க போன்ல பானைக்கு வாயே இல்லையே. கழுத்து மட்டும்தான் கேக்குது.”

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். கடத்தின் வாயை வயிற்றோடு வைத்து மூடித் திறக்கும்போதுதான் கும்மென்று அடி நாதம் வரும். கழுத்தில் விரல் படுவது சுள்ளென்ற சத்தம். போன் ஸ்பீக்கரில் சுள்ளுதான் வரும், கும் வராது. இத்தனை காலம் நான் கேட்டிருந்ததும் அந்தச் சுள்ளுதான். பையில் ஹெட்போன் இருந்தது. அவர் கை இரண்டும் மண், அதனால் நானே அவர் காதில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. தட்டிக்கொண்டிருந்த பானையையே பார்த்துக்கொண்டு முழுசும் கேட்டார். கிடார் எப்படி என்றேன். “அது பாட்டுக்கு ஓடுது” என்றார்.

“இது நம்ம ஊர்ப் பானையா?”

“மண்ணு எந்த ஊருன்னு தட்டுற சத்தத்துலயே சொல்லலாம்.”

“சொல்லுங்க.”

“சொல்லலாம்னுதான் சொன்னேன்.”

அதோடு மரத்தட்டை எடுத்துவிட்டார். நானும் போகும்போதெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்க்கிறேன், பேச்சை மாற்றிவிடுகிறார். சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024இல் கிராமி கிடைத்ததை ஓடிப்போய்ச் சொன்னேன். “பானைக்கா குடுத்தாங்க?” என்றார். இல்லை, ஆல்பத்துக்கு என்றேன். “சரி, நல்லா இருக்கட்டும்.”

கம்பிவாத்தியம்

வைகைக்கரை, உங்களால் இன்று காலை ‘சக்தி’யை ஹெட்போனில் மறுபடி கேட்டேன். வயலினைத் தவிர வேறு எதையும் அதில் நான் கேட்டதே இல்லை போல. கும் வருகிறது. நன்றாகவே வருகிறது.

ஒரு சந்தேகம். கடத்தின் ஸ்ருதியை மாற்ற முடியுமா? மிருதங்கம் போலக் கல்லால் தட்டிச் சரிசெய்ய வழியில்லையே.

வைகைக்கரை

முடியாது. சூளையில் இருந்து எந்த ஸ்ருதியோடு வெளியே வருகிறதோ, ஆயுசுக்கும் அதுதான். உள்ளே கொஞ்சம் களிமண் அப்பி இம்மி அளவு இறக்குவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் கடக்காரர்கள் ஒவ்வொரு ஸ்ருதிக்கும் ஒன்று வைத்திருப்பது.

பெஞ்ச்_நம்பர்_ரெண்டு

பாக், மொசார்ட், புடாபெஸ்ட் எல்லாம் படித்தேன். என்னுடையது டீக்கடை கேசட். இதை ஆல்பம் என்பீர்களா மாட்டீர்களா, எனக்குக் கவலை இல்லை.

கடைக்காரர் தானே பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கியது. விடிகாலை ஐந்துக்குப் பாய்லர் கொதிக்கும்போது முதலில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், பிறகு சீர்காழி, பிறகு நாகூர் ஹனீபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. ஹனீபா எடுக்கும்போது முதல் பேருந்து வந்து நிற்கும். டிரைவர் இறங்கமாட்டார், எட்டித்தான் டீ வாங்குவார். பாட்டு முடியாமல் வண்டியை எடுக்கவும் மாட்டார். கண்டக்டர் ஒருமுறை விசில் அடித்தார், டிரைவர் டம்ளரை நீட்டி “இன்னும் பாதி இருக்கு” என்றார். டம்ளர் காலி, நான் பார்த்தேன்.

ஒருநாள் யாரோ பெரிய மனிதர் காரில் வந்து இறங்கி, அந்தக் கேசட்டை விலைக்குக் கேட்டார், நல்ல விலைக்கு. கடைக்காரர் கொடுக்கவில்லை. “இதுல இருக்கிற எல்லாப் பாட்டும் கடையில தனித்தனியா கிடைக்குமே சார், வாங்கிக்குங்க” என்றார். அவர் அதற்கு, “வரிசை கிடைக்காதே” என்றார். கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் வரிசையை எழுதிக்கொடுத்து அனுப்பினார். எனக்கும் ஒரு சீட்டு கேட்டிருக்கலாம். கடை மாறி, கைமாறி, இப்போது அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். சீர்காழி பாடினது எந்தப் பாட்டு என்பதுதான் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. விநாயகர் பாட்டா, முருகன் பாட்டா? ஹனீபாவுக்கு முன்னால் முருகன் என்றால் சஷ்டியோடு சேர்ந்து இரண்டு முருகன் ஆகிவிடும், அவர் அப்படி வைத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

அச்சப்பத்து

‘விநாயகனே வினை தீர்ப்பவனே’யாகத்தான் இருக்கும். பெரும்பாலான கடையில் அதைத்தான் முதலில் போடுவார்கள்.

பெஞ்ச்_நம்பர்_ரெண்டு

முதலில் சஷ்டி கவசம் என்று சொன்னேனே. பிள்ளையாரை யாராவது இரண்டாவதாக வைப்பார்களா?

பெல்ட்_மாத்து

நண்பரே, அவ்வளவு பாட்டும் ஒரே கேசட்டில் என்றால் அது டி90ஆக இருக்கும். டி60ஐவிட டேப் மெல்லிசு, தினமும் ஓட்டினால் இழுபட்டுவிடும், பாய்லர் சூடு வேறு. எங்காவது கிடைத்தால் நேராக டெக்கில் போட்டுவிடாதீர்கள், முதலில் ஒரு முறை கையால், பென்சில் வைத்துச் சுற்றிப் பாருங்கள்.